‘சுருதி இறங்கிடுச்சு’ என்று நடுவர் சொல்வது எனக்கு ஏன் கேட்கவில்லை?

கேள்வி: நான், மனைவி, 12 வயது மகள் மூவரும் வாரம் தவறாமல் டிவியில் பாட்டுப் போட்டி பார்க்கிறோம். யாருக்கும் சங்கீதம் தெரியாது. பாட்டு பிடிக்கும், அவ்வளவுதான். நாங்கள் கைதட்டி முடிப்பதற்குள் நடுவர், “சரணத்துல சுருதி இறங்கிடுச்சு” என்கிறார். “எங்கப்பா இறங்குச்சு?” என்று மகள் கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. நமக்குக் கேட்பது மேடையில் பாடிய அதே குரல்தானா, மெஷினில் போட்டுத் திருத்தியதா என்று மனைவிக்குச் சந்தேகம். எங்களுக்குப் பிடித்த இரண்டு பேர் அடுத்தடுத்து வெளியேறியதும் மகள் ‘இனிமே பார்க்கவே மாட்டேன்’ என்று அழுதுவிட்டாள். கொஞ்சம் விவரம் தெரிந்து இந்த நிகழ்ச்சியை ரசிக்க வழி உண்டா?

பதில்: பாட்டின் உச்சியில் சுருதி (குரல் நிற்க வேண்டிய சரியான உயரம்) விலகினால் சங்கீதம் தெரியாதவருக்கும் சுருக்கென்று கேட்டுவிடும். நடுவர் பிடிப்பது பெரும்பாலும் வேறு இடத்தில், வரியின் கடைசி எழுத்தில். ஒரு வரி முடியும் நேரத்தில் நெஞ்சில் காற்று தீர்ந்துகொண்டிருக்கும். பாடுபவரின் மனசு அடுத்த வரிக்கு ஓடியிருக்கும். காற்றின் அழுத்தம் தளர்ந்தால் சுரம் கீழே சரியும். அந்தச் சரிவு ஒரு நொடிகூட இருக்காது. நீங்களும் அடுத்த வரியை எதிர்பார்த்து அதைத் தாண்டிப் போயிருப்பீர்கள். அதனால்தான் கேட்கவில்லை.

பிடிக்க எளிய வழி ஒன்று இருக்கிறது. வரி முடிந்ததும் என்ன கருவி நுழைகிறது என்று பாருங்கள். புல்லாங்குழலோ வயலினோ கீபோர்டோ ஒரு சின்னத் துணுக்கு வாசிக்கும். கருவி சரியான சுருதியில்தான் இருக்கும். பாடகர் விட்ட கடைசி சுரத்தை மனசில் பிடித்துக்கொண்டே அந்தத் துணுக்கைக் கேட்டால், இரண்டும் ஒட்டுகின்றனவா, நடுவில் ஒரு படி இடறுகிறதா என்பது தெரியும். முதல் வாரம் ஒன்றும் பிடிபடாது. பதிவு செய்த காட்சியில் ஒரே பல்லவியை மூன்று நான்கு முறை திருப்பிக் கேளுங்கள். பாட்டு முழுவதும் வேண்டாம், பல்லவியின் இரண்டு வரி போதும்.

அளவு தெரிந்தால் நடுவரின் பேச்சு இன்னும் புரியும். ஹார்மோனியத்தில் (வெள்ளை, கறுப்பு எல்லாம் சேர்த்து) அடுத்தடுத்த இரண்டு கட்டைகளுக்கு நடுவே உள்ள தூரத்தை நூறு பங்காகப் பிரித்து அளப்பது இசை உலகின் வழக்கம். நீட்டிப் பிடித்த சுரத்தில் பத்துப் பங்கு விலகினால் பழகிய காது சுளிக்கும். முப்பது பங்கு விலகினால் உங்கள் மகளுக்கே ‘என்னமோ சரியில்லை’ என்று படும். வேகமாக ஓடும் சொற்களில் அதே முப்பது பங்கு யாருக்கும் தெரியாமல் போய்விடலாம். குத்துப்பாட்டு பாடியவரிடம் சுருதியைப் பற்றி நடுவர்கள் அதிகம் பேசாததற்கும் மெதுவான பாட்டு எடுத்தவர் வகையாக மாட்டிக்கொள்வதற்கும் காரணம் இதுதான். மெதுவான பாட்டை ஒருவர் தானாகத் தேர்ந்தெடுத்தால் அந்தத் துணிச்சலுக்கே தனியாக ஒரு கைதட்டல் போடலாம்.

போனில் சுருதி காட்டும் செயலியை டிவி முன் பிடித்துப் பார்க்கலாமே என்று தோன்றும். பலன் இருக்காது. அது ஒற்றைக் குரலுக்கு ஆனது; பின்னணியில் கிதாரும் பேஸும் சேர்ந்து ஒலிக்கும்போது எதை அளப்பது என்று தெரியாமல் முள் தாறுமாறாக ஆடும்.

சுருதி விலகல் எல்லாம் ஒரே ஜாதி இல்லை. வரி முடிவில் இறங்குவது மூச்சுக் கோளாறு. உணர்ச்சிவசப்பட்டுத் தொண்டையை அழுத்தினால் சுரம் மேலே ஏறும். கண்ணீர் முட்டும் பாட்டுகளில் இதைக் கேட்கலாம். மூன்றாவது வகை, ஒவ்வொரு சுரத்தையும் கொஞ்சம் கீழே தொடங்கி வழுக்கிக்கொண்டே மேலே போய்ச் சேருவது. ஓரிரு இடத்தில் செய்தால் அது அழகு. எல்லா வரியிலும் செய்தால், சுரம் எங்கே இருக்கிறது என்று தேடிக்கொண்டிருக்கிறார் என்று அர்த்தம். வரி முடிவில் எல்லாம் குரலை நடுக்கி முடிப்பவரையும் கவனியுங்கள். இயல்பான அசைவு நொடிக்கு ஐந்து முதல் ஏழு முறை இருக்கும். அதைவிட மெதுவாக, தள்ளாடுவதுபோல் கேட்டால் குரல் களைத்திருக்கிறது அல்லது அழுத்தம் கூடியிருக்கிறது. சுரம் சரியாக நிற்காததை மறைக்கவும் இந்த நடுக்கம் உதவும். ஆகவே ஆடாமல் நேராக ஒரு சுரத்தில் வந்து நிற்பவரைக் கண்டால் குறித்துக்கொள்ளுங்கள். அது பார்க்கச் சாதாரணமாக இருக்கும், செய்வது கஷ்டம்.

சுருதிக்கு ஒரு பரீட்சை இடம் உண்டு. சிலர் பாட்டைத் தாளம் இல்லாமல், கருவிகள் இல்லாமல், நாலு வரி விருத்தம்போல் தொடங்குவார்கள். அரங்கமே அமைதியாக இருக்கும். நாலாவது வரியின் கடைசிச் சொல்லில் டிரம்ஸ் விழுந்து மொத்த வாத்தியமும் உள்ளே வரும். அந்த ஒரு கணம்தான் பரீட்சை. தனியாகப் பாடிய அரை நிமிடத்தில் குரல் துளித்துளியாகக் கீழே நழுவியிருந்தால், வாத்தியம் நுழையும்போது பாடகர் சட்டென்று மேலே தாவிச் சேர்ந்துகொள்வார். அந்தத் தாவல் தெரிந்தால் முன்னால் பாடியது இறங்கியிருந்தது என்று பொருள். தாவல் இல்லாமல் பால் கலந்ததுபோல் சேர்ந்தால், நடுவர் எதுவும் சொல்லாவிட்டாலும் நீங்கள் எழுந்து நிற்கலாம். ஒன்றைக் கழித்துக்கொள்ள வேண்டும்: காதில் மாட்டியிருக்கும் மானிட்டரில் (பாடுபவருக்கு மட்டும் கேட்கும் சின்ன இயர்போன்) தம்புராவோ கீபோர்டின் ஒற்றைச் சுரமோ அவருக்கு மட்டும் கேட்டுக்கொண்டிருக்கலாம். அப்படி இருந்தாலும் அதில் நிற்பது அவர் வேலைதான்.

அடுத்து நடுவர்கள் அடிக்கடி சொல்லும் இன்னொரு வாக்கியம்: “அரைக் கட்டை ஏத்தி எடுத்திருக்கலாம்.” ஹார்மோனியத்தின் வெள்ளைக் கட்டைகளுக்கு 1 முதல் 7 வரை எண், நடுவே உள்ள கறுப்பு எல்லாம் ஒன்றரை, இரண்டரை, நாலரை, ஐந்தரை, ஆறரை. பாடகர் தன் ஸட்ஜத்தை, அதாவது ‘ஸ’ என்ற அடிப்படைச் சுரத்தை, எந்தக் கட்டையில் வைக்கிறாரோ அதுதான் அவர் சுருதி. ஆண்கள் பெரும்பாலும் ஒன்று முதல் இரண்டு கட்டையிலும், பெண்கள் ஐந்து முதல் ஆறு கட்டையிலும் வசதியாகப் பாடுவார்கள். ஆண் பாடிய பாட்டைப் பெண் எடுத்தால் நாலைந்து அரைச்சுரமாவது (ஒரு கட்டையிலிருந்து பக்கத்துக் கட்டைக்கு உள்ள தூரம் ஓர் அரைச்சுரம்) நகர்த்தாமல் முடியாது. எத்தனை நகர்த்துவது என்பதில்தான் போட்டியின் பாதி வெற்றி தோல்வி இருக்கிறது.

பலரும் செய்யும் தப்பு, சரணத்தின் உச்சி எட்டவேண்டும் என்பதை மட்டும் பார்த்துச் சுருதியைக் குறைப்பது. உச்சி பத்திரமாக வந்துவிடும். ஆனால் பல்லவியின் கீழ் வரி பாதாளத்துக்குப் போய், சொல் காற்றாகக் கரைந்துவிடும். பாட்டின் மிகத் தாழ்ந்த சொல் எது என்று முன்பே தெரிந்து வைத்துக்கொண்டு, அந்த இடம் வரும்போது காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். அங்கே குரலில் மணியும் சொல்லில் தெளிவும் இருந்தால் கட்டையைச் சரியாகப் பிடித்திருக்கிறார். அந்தச் சொல் கேட்கவில்லை என்றால் நடுவர் ‘அரைக் கட்டை’ பற்றிப் பேசப்போகிறார். மகளிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள், உங்களுக்கு வீட்டில் மதிப்புக் கூடும். உச்சியில் கத்துவது பயிற்சியால் ஓரளவு வந்துவிடும். தாழ்ந்த சுரத்தில் சொல்லைக் கெடாமல் சொல்வது அரிது, அதற்குக் கைதட்டலும் கிடைக்காது. என் கணக்கில் நல்ல பாடகரின் அடையாளம் அங்கேதான்.

ஆணும் பெண்ணும் சேர்ந்து பாடும் சுற்றில் இன்னொரு நுணுக்கம். இருவருக்கும் பெரும்பாலும் ஒரே சுருதிதான். ஆகவே ஒருவருக்கு வசதியாகவும் மற்றவருக்குச் சங்கடமாகவும் அமைவது சகஜம். யார் விட்டுக்கொடுத்தார் என்று கண்டுபிடித்தால், மதிப்பெண் குறைந்தவர்மேல் கோபம் வராது.

மூச்சையும் சொல்லையும் சேர்த்தே பார்க்க வேண்டும். ‘வானம்பாடி’ என்ற சொல்லின் நடுவில் மூச்சு வாங்கினால் ‘வானம்’ தனி, ‘பாடி’ தனி, பறவை பறந்துவிடும். ஒத்திகையில் மூச்சுக்கு இடம் குறித்து வைத்தவர் இப்படி உடைக்கமாட்டார். மேடைப் படபடப்பில் மூச்சு மேலோட்டமாகி, குறித்த இடம்வரை தாங்காமல் போவதுதான் நடக்கிறது. முதல் வரியைவிட முதல் சரணத்தின் நடுவில் இது அதிகம். ‘மழை’ ‘மலை’ ஆவதும், ‘பள்ளி’ ‘பல்லி’ ஆவதும் வேகப் பாட்டில்தான் தெரியவரும். பிற மொழிக்காரர் பாடும்போது ழகரத்தை மட்டும் பிடித்துக்கொண்டு தொங்காமல், ஒற்று சரியாக விழுகிறதா என்றும் கேளுங்கள். ‘பட்டு’ என்பதில் ‘ட்’ மீது நிற்காமல் ஓடினால் ‘படு’ ஆகிவிடும். ‘ழ’வைக் கஷ்டப்பட்டுச் சரியாகச் சொல்பவர்கள்கூட இந்த ஒற்றில் வழுக்குகிறார்கள்.

மைக்கைப் பிடிக்கும் கையையும் ஒரு முறை பாருங்கள். வாய்க்கும் மைக்குக்கும் இரண்டு மூன்று விரல் இடைவெளி இயல்பு. அதைவிட நெருங்கினால் குரலில் அடிக்கனம் கூடி, ‘ப’ வரும் இடமெல்லாம் ‘புஃப்’ என்று காற்று மோதும். தலைப்பகுதியைக் கையால் பொத்திப் பிடித்தால் ஒலி மங்கி, ஸ்பீக்கர் ஊளையிட ஆரம்பிக்கும். உச்சிக்குப் போகும்போது மைக்கைச் சற்று விலக்குவது சரியான பழக்கம். ஆனால் தூரம் இரட்டித்தால் ஒலி சுமார் ஆறு டெசிபல் (ஒலியளவின் அலகு) இறங்கும். பழகாதவர் ஒரு சாண் விலக்கிவிட்டு, பாட்டின் மிக முக்கியமான சொல்லைத் தானே தொலைத்துவிடுவார். அது குரலின் குறையல்ல, கையின் குறை. இரண்டு வாரத்தில் சரியாகிவிடும்.

தாளத்தில் பெரிய விபத்து நடக்கும் இடம் இடையிசை முடிந்து சரணம் எடுக்கும் இடம். இடையிசை எத்தனை தாளக்கட்டு என்று எண்ணிக்கொண்டிருக்க வேண்டும். நடுவே கைதட்டல், விளக்கு, நடனக்காரர்கள் வேறு. பாடகரின் கண் அந்நேரம் எங்கே போகிறது என்று பாருங்கள். கீபோர்ட் வாசிப்பவர் அல்லது டிரம்ஸ்காரர் தலையை லேசாக அசைத்துக் காட்டுவார். அதைப் பார்த்து எடுப்பவர் இருக்கிறார். கண்ணை மூடிக்கொண்டே சரியாக எடுப்பவரும் இருக்கிறார். முதல் ஆள் எச்சரிக்கையானவர், தப்பில்லை. இரண்டாம் ஆளுக்குப் பாட்டு உடம்பிலேயே ஏறிவிட்டது.

காதில் மாட்டிய மானிட்டரில் ஒன்றைக் கழற்றிவிட்டுப் பாடுகிறாரா? தனக்குத் தன் குரல் சரியாகக் கேட்கவில்லை என்று பொருள், ஸ்டைலுக்காகச் செய்வது குறைவு. ஒலி நொடிக்குச் சுமார் 343 மீட்டர்தான் போகும். பத்து மீட்டர் தள்ளி இருக்கும் ஸ்பீக்கரிலிருந்து வருவதைக் கேட்டுப் பாடினால், நொடியில் நூறில் மூன்று பங்கு தாமதம் ஏற்கெனவே சேர்ந்துவிடும். தாளம் பின்னால் இழுப்பதற்கு அது போதும்.

இப்போது உங்கள் மனைவியின் சந்தேகம். மேடையில் நடுவருக்குக் கேட்பதும் வீட்டில் உங்களுக்குக் கேட்பதும் ஒரே ஒலி இல்லை என்பது நிச்சயம். பாடகரின் மைக்கும் ஒவ்வொரு வாத்தியமும் தனித்தனித் தடத்தில் பதிவாகும். ஒளிபரப்புக்கு முன்பு ஒலிக்கலவைப் பொறியாளர் குரலைத் தூக்கி வைப்பார், மெதுவாகப் பாடிய இடத்தையும் உரக்கப் பாடிய இடத்தையும் சமன்படுத்துவார், கொஞ்சம் எதிரொலி சேர்ப்பார். இந்த மூன்றும் இல்லாமல் டிவி பாட்டு வருவது அபூர்வம். ஆகவே நடுவர் “குரல் எழும்பவே இல்லை” என்று சொல்ல, உங்களுக்குத் தெளிவாகக் கேட்டிருந்தால், இருவரும் சொல்வது உண்மைதான்.

சுருதித் திருத்தம் வேறு விஷயம். ஆட்டோ-டியூன் என்ற மென்பொருள் 1997இல் வந்தது. அதை உருவாக்கிய ஆண்டி ஹில்டிபிராண்ட், பூமிக்கடியில் எண்ணெய் தேடும் ஒலி அலைக் கணக்குகளில் வேலை பார்த்தவர். பாடிய சுரத்தைப் பக்கத்தில் இருக்கும் சரியான சுரத்துக்கு நகர்த்துவது அதன் வேலை. முன்கூட்டியே பதிவு செய்து ஒளிபரப்பும் நிகழ்ச்சியில் இதைச் செய்ய நேரம் இருக்கிறது. நேரலையிலும் உடனுக்குடன் திருத்தும் கருவிகள் உண்டு. குறிப்பிட்ட நிகழ்ச்சியில் செய்தார்களா என்பதை வீட்டிலிருந்து கேட்டு உறுதியாகச் சொல்ல முடியாது. பலமாகத் திருத்தினால் இரண்டு சுரங்களுக்கு நடுவே உள்ள வழுக்கல் காணாமல் போய், படிக்கட்டில் ஏறுவதுபோல் கேட்கும். ஆனால் நம் பாட்டுகளில் கமகமும் (சுரத்தை அசைத்துப் பாடுவது) பிர்காவும் (சுரங்களை வேகமாக உருட்டிப் பாடுவது) இருக்கும் இடமெல்லாம் குரல் சுரங்களுக்கு நடுவேதான் உலவுகிறது. அங்கே இந்த மென்பொருளை முரட்டுத்தனமாகப் போட்டால் பாட்டே சிதைந்துவிடும். தவிரவும், சுருதியை நகர்த்தலாம். மூச்சு எங்கே வாங்குவது, சொல்லை எப்படிச் சொல்வது, எந்தச் சங்கதியை (ஒரே வரியை மாற்றிப் பாடும் மெருகு) எங்கே நிறுத்துவது என்பதை எந்த மெஷினும் போட்டுத் தராது. துப்பறியும் வேலையை விட்டுவிட்டு அவற்றைக் கேட்கும்படி மனைவியிடம் சொல்லுங்கள்.

உங்கள் வீட்டு டிவியும் பாட்டைக் கெடுக்கும். செட்டிங்கில் ஒலிப் பகுதிக்குப் போய், சத்தத்தைத் தானாகச் சமப்படுத்தும் வசதி இருந்தால் அணைத்துவிடுங்கள். அது கிசுகிசுப்பையும் உச்சியையும் ஒரே அளவாக்கிவிடும். பேச்சைத் தெளிவாக்கும் முறையில் வைத்திருந்தால் இசைக்கான முறைக்கோ சாதாரண முறைக்கோ மாற்றுங்கள். போன் ஸ்பீக்கரில் பார்த்து யாரையும் மதிப்பிட வேண்டாம். ஒரு கட்டையில் பாடும் ஆணின் ஸட்ஜம் சுமார் 131 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 131 அதிர்வு. அவ்வளவு தாழ்ந்த ஒலியை அந்தச் சின்ன ஸ்பீக்கர் ஒழுங்காகத் தராது. கீழ் வரியில் அசத்தியவர் அங்கே சோப்ளாங்கியாகத் தெரிவார். வயர் வைத்த சாதாரண ஹெட்போன் போதும்.

கண்ணும் ஏமாற்றும். சியா-ஜங் சே என்ற ஆய்வாளர் 2013இல் வெளியிட்ட ஆய்வில், செவ்வியல் இசைப் போட்டிகளின் இறுதிச் சுற்றுத் துணுக்குகளைச் சிலருக்கு ஒலியாக மட்டும், சிலருக்குச் சத்தமில்லாத காட்சியாக மட்டும் தந்து, ஜெயித்தது யார் என்று கேட்டார்கள். சத்தமில்லாத காட்சியைப் பார்த்தவர்களே அதிகம் சரியாகச் சொன்னார்கள், அதில் தொழில்முறை இசைக்காரர்களும் அடக்கம். அதாவது நிபுணர்களின் தீர்ப்பிலேயே பார்வைக்குப் பெரிய பங்கு இருக்கிறது. வரிசையும் விளையாடும். பெல்ஜியத்தின் குயின் எலிசபெத் இசைப் போட்டியை ஆராய்ந்து 1996இல் வந்த கட்டுரை, சீட்டுக் குலுக்கி முடிவு செய்த வரிசையிலேயே, முதல் நாள் வாசித்தவர்களுக்குப் பின்னால் வாசித்தவர்களைவிட மேலிடம் கிடைப்பது குறைவு என்று காட்டியது. முதலில் பாடியவரை நிகழ்ச்சி முடிந்தபின் ஒரு முறை திரும்பக் கேளுங்கள். கடைசியில் பாடியவரின் கைதட்டல் காதில் இருக்கும்போதே மதிப்பெண் போட்டால் முதலில் பாடியவருக்கு அநியாயம்.

பாட்டுக்கு முன் வரும் உருக்கமான வாழ்க்கைப் படத்துக்கு அழுவதில் தப்பே இல்லை. அழுதுவிட்டு, பாட்டை இரண்டாம் முறை கேட்கும்போது அந்தப் படத்தைத் தாண்டி வந்துவிடுங்கள்.

மகளோடு செய்ய ஒரு முறை சொல்கிறேன். ஒளிபரப்பின்போது ஒன்றும் எழுத வேண்டாம், சும்மா ரசியுங்கள். மறுநாள் இரண்டே இரண்டு பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள், ஒன்று பிடித்தவருடையது, மற்றது பிடிக்காதவருடையது. கண்ணை மூடிக்கொண்டு கேட்டு, ஆளுக்கொரு தாளில் மதிப்பெண் போடாமல், நிமிடமும் நொடியும் குறித்து ஒரு வரி எழுதுங்கள். ‘1:42, கடைசிச் சொல் இறங்கியது.’ ‘2:10, இரண்டாம் சரணத்தில் புதுச் சங்கதி, சொல் கெடவில்லை.’ பிறகு தாள்களை ஒப்பிட்டு, கருத்து மாறும் இடத்தை மட்டும் மறுபடி போட்டுக் கேளுங்கள். பிடிக்காதவரின் பாட்டில் நல்லதாக ஒன்றாவது எழுதியே ஆக வேண்டும் என்று நிபந்தனை வைத்துக்கொண்டால் விளையாட்டு சூடுபிடிக்கும்.

மூலப் பாட்டோடு ஒப்பிடுவதில் ஒரு எச்சரிக்கை. ஸ்டுடியோவில் ஒரு வரியைப் பத்து முறை பாடி நல்லதை எடுத்துச் சேர்க்க முடியும். மேடையில் நின்று ஒரே மூச்சில் பாடுபவரிடம் அந்தத் துல்லியத்தைக் கேட்பது நியாயமில்லை. மூலத்தின் ஒவ்வொரு சங்கதியையும் அச்சாகக் கொண்டுவருபவரும் திறமைசாலிதான். ஆனால் பாட்டின் அர்த்தத்துக்கு ஏற்ப ஓர் இடத்தில் மட்டும் தன் கைவரிசையைக் காட்டி, மற்ற இடத்தில் அடக்கமாக இருப்பவர் நீண்ட நாள் நினைவில் நிற்பார். பிர்கா வேகமாக இருந்தால் மயங்கிவிடாதீர்கள். பாதி வேகத்தில் போட்டுக் கேட்டால் சுரங்கள் முத்து முத்தாகத் தனியே விழுகின்றனவா, கூழாகிவிட்டனவா என்பது தெரிந்துவிடும்.

நிஜமான திறமையைக் காட்டிக்கொடுக்கும் இடங்கள் இன்னும் உண்டு. மற்றவர் பாட்டில் கோரஸ் பாட வரும்போது அவரைக் கவனியுங்கள். தன் குரலைத் தணித்து மற்றவரோடு இழைபவருக்குக் காது நன்றாக இருக்கிறது. சொதப்பிய பிறகு என்ன செய்கிறார் என்பது இன்னொன்று: ஒரு வரி தவறியதும் அடுத்த வரியில் நிதானத்துக்கு வந்துவிடுகிறாரா, முடியும்வரை அந்தத் தப்பையே சுமக்கிறாரா? தொடர்ந்து நாலு வாரம் ஒரே ஆளைப் பார்த்தால்தான் இதெல்லாம் பிடிபடும்.

வெளியேற்றம் பற்றி. மகளுக்குக் கணக்காகவே விளக்குங்கள். நூறு பேர் ஓட்டுப் போடுகிறார்கள், மூன்று பேர் போட்டியில். இரண்டு பேர் மெல்லிசைக்காரர்கள், ஒருவர் குத்துப்பாட்டுக்காரர். அறுபது பேருக்கு மெல்லிசை பிடிக்கும், ஆனால் அந்த ஓட்டு 31, 29 என்று பிரிகிறது, குத்துப்பாட்டுக்கு 40. வெளியேறுவது 29 வாங்கியவர். அவர் மோசமாகப் பாடவில்லை, அவரைப்போலவே பாடும் இன்னொருவர் இருந்தார். ‘இவர் எப்படியும் தப்பிச்சிடுவார்’ என்று ரசிகர்கள் ஓட்டுப் போடாமல் விடுவதும் நல்ல பாடகர்களைத்தான் பதம்பார்க்கும். உங்கள் நிகழ்ச்சியில் நடுவர் மதிப்பெண் அடுத்த வாரத்துக்கும் சேர்கிறதா, ஓட்டு ஒவ்வொரு வாரமும் பூஜ்யத்திலிருந்து தொடங்குகிறதா, ஒருவர் எத்தனை ஓட்டுப் போடலாம் என்ற மூன்றையும் விதிகளில் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். நிகழ்ச்சிக்கு நிகழ்ச்சி இது மாறும். போன வாரம் அபாரமாகப் பாடியவர் இந்த வாரம் ஏன் கடைசி மூவரில் நிற்கிறார் என்ற கேள்விக்குப் பதில் பெரும்பாலும் அங்கே இருக்கும்.

வெளியேறியவர் பாடிய பாட்டுகளில் சிறந்த மூன்றை மகளையே தேர்ந்தெடுத்துச் சேமித்து வைக்கச் சொல்லுங்கள். ஏன் இந்த மூன்று என்று நொடிக் கணக்கோடு எழுதவும் சொல்லுங்கள். அந்தத் தாளை எழுதி முடிக்கும்போது அவள் அழுகையை மறந்து வாதாட வந்திருப்பாள்.

நீங்கள் எழுதவில்லை, ஆனாலும் 12 வயதுப் பிள்ளை போட்டியாளர்களோடு சேர்ந்து பாடாமல் இருக்கமாட்டாள். பாடட்டும். ஆண் பாடகரின் சுருதியிலேயே கீழே இறங்கித் தொண்டையை அழுத்தவோ, உச்சியில் கழுத்து நரம்பு புடைக்கக் கத்தவோ விட வேண்டாம். பாட்டின் மிகத் தாழ்ந்த சொல் அவளுக்குத் தெளிவாக வரும் கட்டையைப் பிடித்து, கரோக்கித் தடத்தை அங்கே நகர்த்திக்கொள்ளுங்கள். பல கரோக்கிச் செயலிகளில் சுருதியை ஏற்றி இறக்கும் பொத்தான் இருக்கும், ஒரு அழுத்தத்துக்குப் பெரும்பாலும் அரைச்சுரம் நகரும். மறுநாள் காலையில் குரல் கம்மினால் அன்று பாட்டுக்கு லீவு விட்டுவிடுங்கள். கம்மல் இரண்டு மூன்று வாரமாகியும் தெளியவில்லை என்றால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டுங்கள்.